அல்ஜீரியக் கால்பந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்ஜீரியா என்றதும் இன்றைய ரசிகர்களுக்கு ரியாத் மஹ்ரேஸ் நினைவுக்கு வருவார். மூத்தவர்களுக்கு 1982-ல் மேற்கு ஜெர்மனியைக் கவிழ்த்த அணி நினைவுக்கு வரும். இரண்டுக்கும் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை, அந்த நாட்டின் விடுதலைப் போராட்டத்தை விட்டுவிட்டு அதன் கால்பந்தைப் பேசவே முடியாது. அதனால் கீழே உள்ள பதில்களில் கோல்களோடு அரசியலும் கலந்தே வரும்.

அல்ஜீரியாவுக்குக் கால்பந்து எப்படி வந்தது?

பிரான்ஸிலிருந்து வந்தது. 1830-ல் பிரான்ஸ் அந்த நாட்டைப் பிடித்தது. கரையோர நகரங்களில் ஐரோப்பியக் குடியேறிகள் பெருகினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அவர்கள் கிளப்கள் அமைத்து ஆடினார்கள். உள்ளூர் முஸ்லிம் இளைஞர்களில் சிலர் அந்தக் கிளப்களிலேயே சேர்ந்து ஆடினார்கள், பெரும்பாலானோர் வெளியே நின்று பார்த்தார்கள்.

முஸ்லிம் கிளப்கள் என்று தனியாக ஏன் உருவாயின?

குடியேறிகளின் ஆட்சியில் முஸ்லிம்களுக்கு வாக்குரிமையில் சமத்துவம் இல்லை, கட்சி தொடங்கினால் கெடுபிடி. கிளப் தொடங்குவது ஒன்றுதான் ஓரளவு சாத்தியமாக இருந்தது. 1921-ல் அல்ஜியர்ஸின் பழைய நகரமான கஸ்பாவில் மூலூதியா கிளப் பிறந்தது. நபி பிறந்தநாளான மவ்லிதை ஒட்டி வைத்த பெயர். நிறம் பச்சையும் சிவப்பும். இன்றும் நாட்டின் மிகப் பெரிய ரசிகர் கூட்டம் கொண்ட கிளப்களில் அது ஒன்று. அதைப் பார்த்து ஓரான், கான்ஸ்டன்டைன், டிஸி உஸூ என்று ஊர் ஊராகக் கிளப்கள் முளைத்தன.

ஞாயிற்றுக்கிழமை ஒரு முஸ்லிம் கிளப்பும் குடியேறிகள் கிளப்பும் மோதினால் அது வெறும் ஆட்டமாக இருக்கவில்லை. காலனி நிர்வாகத்துக்கும் இது தெரியும். முஸ்லிம் கிளப்களில் ஐரோப்பிய வீரர்களும் இருந்தாக வேண்டும் என்றுகூட விதி போட்டுப் பார்த்தார்கள். 1956-ல் தேசிய விடுதலை முன்னணி அழைப்பு விடுத்ததும் முஸ்லிம் கிளப்கள் காலனியின் போட்டிகளிலிருந்து ஒட்டுமொத்தமாக விலகின.

1954-ல் பிரான்ஸை வட ஆப்பிரிக்க அணி ஒன்று தோற்கடித்தது உண்மையா?

உண்மை. 1954 செப்டம்பரில் ஓர்லேயான்வில் நகரை (இன்றைய ஷ்லெஃப்) நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. நிவாரண நிதிக்காக அக்டோபர் 7 அன்று பாரிஸில் ஒரு ஆட்டம் நடந்தது. அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா வீரர்கள் கலந்த அணி பிரான்ஸின் தேசிய அணியை 3–2 என்று வென்றது. அடுத்த மாதம் முதல் தேதி விடுதலைப் போர் தொடங்கிவிட்டது.

நாடே இல்லாத காலத்தில் தேசிய அணி எப்படி வந்தது?

கால்பந்து வரலாற்றில் எனக்கு இதைவிடப் பெரிய கதை தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1958-ல் பிரான்ஸின் முதல் டிவிஷனில் அல்ஜீரிய வீரர்கள் பலர் நட்சத்திரங்களாக இருந்தார்கள். முஸ்தஃபா ஸிதூனி மொனாக்கோவின் டிஃபெண்டர், பிரான்ஸ் தேசிய அணியிலும் ஆடிக்கொண்டிருந்தார். ரஷீத் மெக்லூஃபி 21 வயது இளைஞர். முந்தைய ஆண்டு செயின்ட் எட்டியன் லீக் பட்டம் வென்றதில் முக்கியப் பங்கு அவருடையது. அந்தக் கோடையில் ஸ்வீடனில் உலகக் கோப்பை. இருவருமே பிரான்ஸுக்காக அங்கே போகும் நிலையில் இருந்தார்கள்.

முகமது பூமெஸ்ராக் என்ற முன்னாள் வீரர் வேறொரு திட்டத்தோடு வந்தார். அல்ஜீரிய வீரர்கள் பிரான்ஸை விட்டு ரகசியமாக வெளியேறித் துனிஸில் கூட வேண்டும். அங்கே விடுதலை முன்னணியின் பெயரில் ஓர் அணி நிற்க வேண்டும். ஏப்ரல் 13, ஞாயிறு ஆட்டங்கள் முடிந்த கையோடு புறப்பாடு. சிலர் இத்தாலி வழியாக, சிலர் சுவிட்சர்லாந்து வழியாக.

மெக்லூஃபி அன்றைய ஆட்டத்தில் தலையில் அடிபட்டு மருத்துவமனையில் படுத்திருந்தார். அப்துல்ஹமீத் கெர்மாலியும் முக்தார் அரிபியும் வந்து, பைஜாமாவோடு இருந்தவரைக் காரில் ஏற்றிக்கொண்டு சுவிஸ் எல்லைக்கு ஓட்டினார்கள். வீரர்களைக் காணவில்லை என்ற செய்தி வானொலியில் பரவத் தொடங்கியிருந்தது. எல்லைக் காவலர்கள் இவர்களை அடையாளம் கண்டுகொண்டார்கள், ஆனால் செய்தி இன்னும் அவர்கள் காதுக்கு எட்டவில்லை. ஆட்டோகிராஃப் கேட்டு வழியனுப்பினார்கள் என்று சொல்லப்படுகிறது.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. மொனாக்கோவின் ஹசன் ஷப்ரி எல்லையில் பிடிபட்டார். ரீம்ஸ் வீரர் முகமது மாவூஷும் கைதானார். மெக்லூஃபி அப்போது ராணுவச் சேவையில் வேறு இருந்தார். அவர் பிடிபட்டிருந்தால் ராணுவத்தை விட்டு ஓடிய குற்றமும் சேர்ந்திருக்கும்.

இவர்கள் விட்டுப்போனது சம்பளத்தையும் வீட்டையும் மட்டுமல்ல, உலகக் கோப்பையையும். அந்தப் போட்டியில் பிரான்ஸ் மூன்றாம் இடம் பிடித்தது. மெக்லூஃபி பிறந்த ஊர் செத்திஃப். 1945 மே 8 அன்று அங்கே தொடங்கிய, பிரெஞ்சு ஆட்சி அல்ஜீரியர்கள் மீது நடத்திய படுகொலையின்போது அவருக்கு எட்டு வயது. இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவர் துனிஸுக்குப் போனதில் எனக்கு வியப்பில்லை.

அந்த அணி யாரோடு ஆடியது? ஃபிஃபா விட்டதா?

விடவில்லை. பிரான்ஸின் வேண்டுகோளின்படி ஃபிஃபா அந்த அணியை அங்கீகரிக்க மறுத்தது, அதோடு ஆடும் நாடுகளுக்குத் தண்டனை என்றும் எச்சரித்தது. அப்படியும் துனிசியா, மொராக்கோ, லிபியா, ஈராக், கிழக்கு ஐரோப்பிய நாடுகள், சீனா, வட வியட்நாம் என்று நான்கு ஆண்டுகள் சுற்றினார்கள். ஹனோயில் ஹோ சி மின் அவர்களை வரவேற்றார். பெல்கிரேடில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக 6–1 என்ற வெற்றியும் அவர்கள் கணக்கில் உண்டு. மொத்த ஆட்டங்கள் எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் இடையில் என்பார்கள். முறையான பதிவு எங்கும் வைக்கப்படாததால் ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு எண்ணிக்கை தரும்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் அல்ஜீரியக் கொடி ஏறியது, கீதம் இசைக்கப்பட்டது. ஐ.நா.வில் இடம் இல்லாத ஒரு நாட்டுக்கு அது பெரிய விஷயம்.

1962-க்குப் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்?

ஜூலை 5, 1962-ல் நாடு விடுதலை பெற்றது. அக்டோபரில் கால்பந்து சம்மேளனம் அமைந்தது. 1963 ஜனவரியில் அல்ஜியர்ஸில் பல்கேரியாவை 2–1 என்று வென்றது புதிய நாட்டின் முதல் ஆட்டம்.

சிலர் மறுபடியும் பிரான்ஸுக்குப் போனார்கள். மெக்லூஃபி ஜெனீவாவின் செர்வெத் கிளப்பில் கொஞ்ச காலம் ஆடிவிட்டு செயின்ட் எட்டியனுக்கே திரும்பினார். முதல் ஆட்டத்தில் கூட்டம் எப்படி நடந்துகொள்ளுமோ என்ற அச்சம் இருந்தது. அவர் காலில் பந்து பட்டதும் கைதட்டல்தான் எழுந்தது. 1968 பிரெஞ்சுக் கோப்பை இறுதியில் பிரான்ஸின் போர்தோ அணியை 2–1 என்று செயின்ட் எட்டியன் வென்றபோது இரண்டு கோலும் அவர் அடித்தவை. 2024 நவம்பரில் 88-ஆம் வயதில் காலமானார்.

அந்தத் தலைமுறையில் பலர் பயிற்சியாளர்களாகி அடுத்த முப்பது ஆண்டுகள் அல்ஜீரியக் கால்பந்தைக் கையில் வைத்திருந்தார்கள். கீழே வரும் வெற்றிகளில் அவர்கள் பெயர் திரும்பத் திரும்ப வரும்.

1975-ல் பிரான்ஸை வென்ற ஆட்டத்தை ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

அல்ஜியர்ஸில் நடந்த மத்தியத் தரைக்கடல் விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டம் அது. எதிரே பிரான்ஸின் அமெச்சூர் அணி; அரங்கின் பெயரோ ‘ஜூலை 5, 1962’. அதிபர் பூமெதியன் பார்வையாளர் வரிசையில். கடைசி நிமிடம் வரை பிரான்ஸ் முன்னிலை. உமர் பெத்ரூனி சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் 3–2. பயிற்சியாளர் மெக்லூஃபி.

ஜே.எஸ். கபிலி கிளப்புக்கு மட்டும் ஏன் தனி மரியாதை?

டிஸி உஸூ நகரின் இந்தக் கிளப், அமாஸிக் (பெர்பர்) மொழி பேசும் கபிலிய மக்களின் கிளப். விடுதலைக்குப் பிறகு அரசு அரபு மொழியை மட்டும் முன்னிறுத்தியபோது, கபிலிய மொழியில் உரக்கக் கத்த முடிந்த இடம் கால்பந்து அரங்கு. எழுபதுகளில் கிளப்பின் பெயரிலிருந்தே ‘கபிலி’ நீக்கப்பட்டது. 1977 கோப்பை இறுதியில் அதிபர் முன்னிலையிலேயே கபிலிய ரசிகர்கள் எதிர்ப்பு முழக்கமிட்டார்கள். அதே ஆண்டு விளையாட்டுச் சீர்திருத்தம் என்று எல்லா கிளப்களையும் அரசு நிறுவனங்களோடு இணைத்தார்கள். இவர்களுக்கு மின்னணு நிறுவனத்தின் பெயர் வந்து ஒட்டியது. பெயர் எதுவாக இருந்தாலும் ஜெயிப்பது நிற்கவில்லை. 1981-லும் 1990-லும் ஆப்பிரிக்க சாம்பியன் கிளப்கள் கோப்பை, 2000 முதல் 2002 வரை தொடர்ந்து மூன்று முறை ஆப்பிரிக்கக் கால்பந்துச் சம்மேளனத்தின் சி.ஏ.எஃப். கோப்பை.

இந்தக் கிளப்பின் அரங்கில் ஒரு துயரமும் நடந்தது. 2014 ஆகஸ்டில் சொந்த ஊரில் தோற்ற ஆட்டத்துக்குப் பின் கேமரூன் வீரர் ஆல்பர்ட் எபோஸே உயிரிழந்தார். பார்வையாளர் பகுதியிலிருந்து எறியப்பட்ட பொருள் பட்டதாக அறிவித்தார்கள். அன்று அந்தக் கிளப்புக்காக கோல் அடித்தவரே அவர்தான். அல்ஜீரிய அரங்குகளின் வெறியைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

மற்ற கிளப்கள்?

மூலூதியா 1976-ல் ஆப்பிரிக்க சாம்பியன் ஆனது. கினியாவின் ஹாஃபியாவிடம் முதல் ஆட்டத்தில் 0–3, அல்ஜியர்ஸில் 3–0, பிறகு பெனால்டி. செத்திஃப் நகரின் கிளப் 1988-ல் உள்ளூர் லீக்கில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியிருந்த நிலையில் ஆப்பிரிக்க சாம்பியன் ஆனது, 2014-ல் மறுபடியும்.

1982-ல் ஹிஹோனில் என்ன நடந்தது?

ஸ்பெயின் உலகக் கோப்பை. ஜூன் 16, ஹிஹோன் நகரின் எல் மோலினோன் அரங்கு. ஐரோப்பிய சாம்பியன் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக முதல் முறை உலகக் கோப்பைக்கு வந்த அல்ஜீரியா. ஜெர்மன் முகாமில் எதிரணியை யாரும் பொருட்படுத்தவில்லை.

54-ஆவது நிமிடத்தில் பெல்லூமி அடித்த பந்தைக் கோல்கீப்பர் ஷூமாகர் தடுத்தார். தெறித்து வந்ததை ரபா மாஜர் மேலே தூக்கி வலைக்குள் போட்டார். 67-இல் ரும்மனிகே சமன் செய்தார். அடுத்து நடந்ததைக் காணொளியில் தேடிப் பாருங்கள். நடுவட்டத்திலிருந்து மறுபடி தொடங்கிய பந்து, ஒரு ஜெர்மன் காலிலும் படாமல் கால் மாறி கால் மாறி இடப்பக்கம் போகிறது. ஸலா அஸ்ஸாத் கோடு வரை ஓடிக் குறுக்கே அனுப்புகிறார், பெல்லூமி வந்து முடிக்கிறார். 68-ஆவது நிமிடம், 2–1. எதிர்பாராத வெற்றி என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். அந்தக் கோலைப் பார்த்தவர்கள் அதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டார்கள். அணியை மெஹியத்தீன் கலேஃபும் மெக்லூஃபியும் சேர்ந்து நடத்தினார்கள்.

அடுத்து ஆஸ்திரியாவிடம் 0–2 தோல்வி. ஜூன் 24 அன்று சிலியோடு இடைவேளையில் 3–0 முன்னிலை, முடிவில் 3–2. அந்த இரண்டு கோல்களை விட்டதுதான் வினையாயிற்று.

மறுநாள் ஜெர்மனி–ஆஸ்திரியா ஆட்டம் பேசிவைத்ததா?

கணக்கைப் பாருங்கள். அல்ஜீரியா ஆட்டங்களை முடித்துவிட்டது. ஜூன் 25 அன்று ஜெர்மனி ஒன்றோ இரண்டோ கோல் வித்தியாசத்தில் வென்றால் ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டும் அடுத்த சுற்றுக்குப் போகும், அல்ஜீரியா ஊருக்குப் போகும். பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனியின் ஹ்ருபெஷ் கோல் அடித்தார். அதன் பிறகு ஆட்டம் செத்துவிட்டது. நடுக்களத்தில் பந்தை அங்குமிங்கும் தள்ளிக்கொண்டு நேரத்தைக் கடத்தினார்கள். அரங்கில் அல்ஜீரிய ரசிகர்கள் பணத்தாள்களை ஆட்டிக் காட்டினார்கள். ஆஸ்திரியத் தொலைக்காட்சி வர்ணனையாளர் பெட்டியை அணைத்துவிடுங்கள் என்று நேயர்களிடம் சொன்னார்.

மூன்று அணிக்கும் நான்கு புள்ளி. கோல் வித்தியாசத்தில் ஜெர்மனிக்கு மூன்று, ஆஸ்திரியாவுக்கு இரண்டு, அல்ஜீரியாவுக்குப் பூஜ்யம். விதி எதுவும் மீறப்படவில்லை என்று ஃபிஃபா புகாரைத் தள்ளிவிட்டது. முன்கூட்டிப் பேசினார்களா என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. என் கருத்து, பேச வேண்டிய தேவையே இல்லை. இரண்டு அணிக்கும் எது போதும் என்று களத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதைச் செய்தார்கள், அது வெட்கக்கேடு.

பிரிவின் கடைசி ஆட்டங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்ற இன்றைய விதி இதனால் வந்தது. 1986 முதல் உலகக் கோப்பையில் அதுதான் நடைமுறை.

மாஜரின் குதிகால் கோல் எது?

1987 மே 27, வியன்னா, ஐரோப்பியக் கிளப்களுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதி. மாஜர் ஆடிய போர்ச்சுகலின் போர்த்தோ அணி பயர்ன் மியூனிக்கிடம் 0–1 என்று பின்தங்கியிருந்தது. 77-ஆவது நிமிடத்தில் கோலுக்கு முதுகு காட்டி நின்ற மாஜர் குதிகாலால் தட்டிவிட்டார். இரண்டாவது கோலுக்கும் பந்து கொடுத்தவர் அவரே. போர்த்தோ 2–1 என்று வென்றது. பிரான்ஸ், அரபு நாடுகளில் அந்த வகைக் கோலை இன்றும் ‘மாஜர்’ என்றே அழைக்கிறார்கள்.

ஆப்பிரிக்கக் கோப்பையை முதலில் எப்போது வென்றார்கள்?

1990-ல், சொந்த மண்ணில். முதல் ஆட்டத்தில் நைஜீரியாவை 5–1, இறுதியில் அதே நைஜீரியாவை 1–0. பத்தாண்டு முன்பு லாகோஸில் நடந்த இறுதியில் அவர்களிடம் 0–3 என்று தோற்றிருந்தார்கள். பயிற்சியாளர், 1958-ல் மெக்லூஃபியை மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்த அதே கெர்மாலி. ஒரே கோலை அடித்த ஷெரீஃப் ஊஜானியின் தந்தை அகமது ஊஜானியும் விடுதலை அணியில் ஆடியவர்.

பிறகு ஏன் இருபது ஆண்டு சத்தமே இல்லை?

உள்நாட்டுப் போர். 1992 முதல் நாடு ரத்தத்தில் மிதந்தது. அந்தக் காலத்தைக் கறுப்புப் பத்தாண்டு என்கிறார்கள். 1995-ல் கால்பந்து சம்மேளனத் தலைவர் ரஷீத் ஹரைக் சுட்டுக் கொல்லப்பட்டார். வெளிநாட்டு அணிகள் வரப் பயந்தன. தகுதியில்லாத வீரரை இறக்கியதால் 1994 ஆப்பிரிக்கக் கோப்பையிலிருந்து நீக்கப்பட்டது வேறு. லீக் ஆட்டங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அதையே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

ஜிதான் ஏன் அல்ஜீரியாவுக்கு ஆடவில்லை?

பிரான்ஸின் நட்சத்திரம் ஜினெதின் ஜிதான் மார்செய்யில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோர் கபிலியாவிலிருந்து போனவர்கள். பிரான்ஸின் இளையோர் அணிகள் வழியாகவே மேலே வந்தார், அந்தக் காலத்தில் அணி மாறுவது எளிதல்ல. 2001 அக்டோபரில் பாரிஸில் பிரான்ஸும் அல்ஜீரியாவும் முதல் முறை முதன்மை அணிகளாக மோதின. பிரான்ஸ் 4–1 முன்னிலையில் இருந்தபோது ரசிகர்கள் களத்தில் இறங்கியதால் 76-ஆவது நிமிடத்தில் ஆட்டம் கைவிடப்பட்டது. அன்று அல்ஜீரியாவின் ஒரே கோலை அடித்தவர் ஜமால் பெல்மாதி. பெயரை நினைவில் வையுங்கள்.

2009-ல் நிலைமை மாறியது. இளையோர் அணியில் ஒரு நாட்டுக்கு ஆடியவர் 21 வயதுக்குப் பிறகும் வேறு நாட்டுக்கு மாறலாம் என்று ஃபிஃபா விதியைத் தளர்த்தியது. அதற்காக வாதாடியவர் அல்ஜீரியச் சம்மேளனத் தலைவர் முகமது ரௌராவா. பிரான்ஸில் பயிற்சி பெற்ற அல்ஜீரியப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது.

எகிப்தோடு என்ன பகை?

1989-ல் கெய்ரோவில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் எகிப்து 1–0 என்று வென்றது. பிறகு நடந்த சண்டையில் எகிப்திய அணி மருத்துவர் ஒரு கண்ணை இழந்தார். பெல்லூமி மீது வழக்குப் போட்டார்கள், சர்வதேசப் பிடி ஆணையும் பிறந்தது. அவர் கடைசிவரை மறுத்தார். 2009-ல்தான் ஆணை நீங்கியது.

அதே 2009 நவம்பரில் மறுபடியும் கெய்ரோ. அல்ஜீரிய வீரர்களின் பேருந்து மீது கல்லெறிந்ததில் சிலர் காயமடைந்தார்கள். ஆட்டத்தில் 95-ஆவது நிமிடக் கோலோடு எகிப்து 2–0. எல்லாக் கணக்கும் சமமானதால் சூடானின் ஓம்துர்மானில் இன்னொரு ஆட்டம். நவம்பர் 18, 40-ஆவது நிமிடம், அந்தர் யஹியா கடினமான கோணத்திலிருந்து ஓங்கி அடித்தார். 1–0. அல்ஜியர்ஸில் எகிப்திய நிறுவனங்கள் தாக்கப்பட்டன, எகிப்து தூதரைத் திரும்ப அழைத்தது. 24 ஆண்டுக்குப் பிறகு அல்ஜீரியா உலகக் கோப்பைக்குப் போனது. அங்கே இங்கிலாந்தோடு 0–0 டிரா, கோலே அடிக்காமல் திரும்பினார்கள்.

2014 அணிதான் மிகச் சிறந்ததா?

உலகக் கோப்பையில் எட்டிய உயரத்தை வைத்துப் பார்த்தால் ஆம். தென் கொரியாவை 4–2 என்று வென்றார்கள். உலகக் கோப்பையில் ஓர் ஆப்பிரிக்க அணி ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் அடித்தது அதுவே முதல் முறை. ரஷ்யாவோடு ஸ்லிமானியின் தலையடி கோலில் 1–1, முதன்முறையாக நாக் அவுட் சுற்று. அங்கே ஜெர்மனி. 90 நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் 1–2. அந்த ஜெர்மனிதான் பிறகு கோப்பையை வென்றது. நுணுக்கமான ஆட்டத்துக்கு என் தேர்வு 1982 அணி.

2019 வெற்றிக்கும் மக்கள் போராட்டத்துக்கும் என்ன தொடர்பு?

2019 பிப்ரவரி 22 முதல் லட்சக்கணக்கானோர் வெள்ளிதோறும் தெருவில் இறங்கினார்கள். ஐந்தாவது முறை போட்டியிட இருந்த அதிபர் பூதஃப்லிகா ஏப்ரல் 2-ல் பதவி விலகினார். ஊர்வலங்களில் ஒலித்த முழக்கங்கள் பல, அதற்கு முன்பே அல்ஜியர்ஸ் அரங்குகளில் ரசிகர்கள் பாடி வந்தவை. கட்சிகளும் சங்கங்களும் வாய் மூடியிருந்த ஆண்டுகளில் வேலையின்மையையும் ஊழலையும் கேலரியிலிருந்து பாடியவர்கள் இந்த இளைஞர்கள்.

அந்தச் சூட்டில் ஜூன், ஜூலையில் எகிப்தில் ஆப்பிரிக்கக் கோப்பை. பயிற்சியாளர் பெல்மாதி. அரையிறுதி ஜூலை 14, பிரான்ஸின் தேசிய நாள். நைஜீரியாவோடு 1–1 என்றிருக்க, 95-ஆவது நிமிடத்தில் மஹ்ரேஸ் ஃப்ரீ கிக்கை நேராக வலைக்குள் அடித்தார். அல்ஜியர்ஸ் மட்டுமல்ல, பாரிஸும் மார்செய்யும் ‘ஒன், டூ, த்ரீ, விவா லால்ஜெரி’ என்று இரவெல்லாம் கத்தின. இறுதியில் செனகல். இரண்டாவது நிமிடத்தில் பூனெஜா அடித்த பந்து டிஃபெண்டர் மேல் பட்டு உயர்ந்து உள்ளே விழுந்தது, அந்த ஒரு கோலே போதுமாயிற்று. செனகல் பயிற்சியாளர் அலியு சிஸேவும் பெல்மாதியும் பாரிஸ் அருகே ஷாம்பின்யி என்ற ஒரே ஊரில் வளர்ந்தவர்கள்.

அதற்குப் பிறகு?

தோல்வியே இல்லாமல் 35 ஆட்டங்கள் போனார்கள். 2022 ஜனவரியில் ஈக்குவடோரியல் கினி அதை முடித்தது. அதே ஆண்டு மார்ச்சில் ப்ளிதாவில் கேமரூனிடம் கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் கோல் வாங்கி கத்தார் உலகக் கோப்பையை இழந்தார்கள். 2021, 2023 ஆப்பிரிக்கக் கோப்பைகளில் முதல் சுற்றோடு சரி. பெல்மாதி போய் விளாதிமிர் பெட்கோவிச் வந்தார். 2025 அக்டோபரில் ஓரானில் சோமாலியாவை 3–0 என்று வென்று 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். குலுக்கலில் அர்ஜென்டினா, ஜோர்டானோடு ஆஸ்திரியாவும் அதே பிரிவில் விழுந்தது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் எந்த ஆட்டத்தில் தொடங்கலாம்?

2014-ல் ஜெர்மனியோடு ஆடியதை முழுதாகப் பாருங்கள். உயர ஏறிய ஜெர்மன் தற்காப்புக்குப் பின்னால் ஸ்லிமானி ஓட ஓட, கோல்கீப்பர் நோயர் பெட்டியை விட்டு வெகுதூரம் வெளியே வந்து காலாலும் தலையாலும் பந்தை விரட்டுவார். இந்தப் பக்கம் கோல்கீப்பர் எம்போல்ஹி ஒன்றன்பின் ஒன்றாகத் தடுப்பார். அடுத்து 1982 ஹிஹோன் ஆட்டம், அதிலும் முதலில் 67-ஆவது நிமிடத்திலிருந்து. நேரம் இருந்தால் 2019 அரையிறுதி. கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் பார்ப்பவர்கள் முழு ஆட்டத்தையும் பார்க்கலாம், மஹ்ரேஸ் அந்த ஃப்ரீ கிக்குக்கு முன்பும் நன்றாகவே ஆடினார்.